தனியா கப்பல்ல போனா யார்கூட சாப்பிடறது?

போன மாசம் கப்பல் பயணத்தைப் பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல தனியா போகப் போறவங்க எழுதினது. விசா, டிக்கெட் பத்திக் கேட்டவங்க கம்மி. சாப்பாட்டு டேபிளைப் பத்திதான் எல்லாரும் கேட்டிருக்கீங்க. அதனால இந்த மாசம் முழுக்க அதுக்கே வச்சுட்டேன்.

எனக்கு 59 வயசு. பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆயிட்டேன், வீட்டுக்காரர் தவறி ரெண்டு வருஷம் ஆகுது. சிங்கப்பூர்ல இருக்கற பொண்ணு எனக்கு நாலு ராத்திரி கப்பல் டிக்கெட் எடுத்திருக்கா, பினாங்கும் புக்கெட்டும் போய்ட்டு வர்றது. அவளுக்கு லீவு கிடைக்கல. தனியா போக பயம் இல்ல, ஆனா அவ்ளோ பெரிய ஹால்ல ஒத்தையா உட்கார்ந்து சாப்பிடணுமேன்னு நினைச்சாலே தொண்டை அடைக்குது. ராத்திரி ரூம்லயே சாப்பிட்டுக்கலாமா? (திருச்சி வாசகி)

ரூம்ல சாப்பிடாதீங்க சகோதரி. ரெண்டு ராத்திரி நானும் அப்படித்தான் பண்ணேன், பார்சிலோனாவுல இருந்து கிளம்பின ஏழு நாள் கப்பல், அதுதான் நான் தனியா போன முதல் கப்பல். சாண்ட்விச்சை ரூமுக்கு வரவழைச்சு கட்டில் ஓரத்துல உட்கார்ந்து சாப்பிட்டேன், வெளியில காரிடார்ல ஜனங்க சிரிச்சுப் பேசிட்டுப் போற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். மூணாவது நாள் மனசைத் திடப்படுத்திக்கிட்டு டைனிங் ஹாலுக்குப் போனேன். ரெண்டு பேர் உட்கார்ற டேபிள்ல உட்கார வச்சாங்க. வெயிட்டர் பையன் வந்து எதிர் சீட்டுக்கு வச்சிருந்த ஃபோர்க், கத்தி, கண்ணாடி டம்ளர், மடிச்ச நாப்கின் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் போனான். அவன் மேல தப்பே இல்ல, அது அவன் வேலை, ஆனா அந்த ரெண்டு நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

சாப்பிட்டு முடிச்சதும் ஹெட் வெயிட்டர்கிட்ட போய் நாளைக்கு நாலு பேரோட சேர்ந்து உட்கார இடம் இருக்கான்னு கேட்டேன். அவர் கையில இருந்த டேப்லெட்டைப் பார்த்துட்டு, எட்டு பேர் டேபிள்ல ஒரு சீட் காலியா இருக்கு, வர்றீங்களான்னார். அவ்வளவுதான் விஷயம். மறுநாள் ஸ்காட்லாந்துல இருந்து வந்த ரிட்டயர்டு டீச்சர் தம்பதி, ஒரு பிலிப்பினோ அம்மாவும் பொண்ணும், என்னை மாதிரியே தனியா வந்த மூணு பேர்னு ஒரு டேபிள் அமைஞ்சுது. கடைசி ராத்திரி நான் அஞ்சு நிமிஷம் லேட்டா போனா ஆர்டரே கொடுக்காம காத்துக்கிட்டு இருக்காங்க.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். பெரிய கப்பல்கள்ல ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டு முறை உண்டு. ஒண்ணு ஃபிக்ஸட், அதாவது தினமும் அதே நேரம், அதே டேபிள், அதே வெயிட்டர். முதல் பந்தி சாயங்காலம் அஞ்சரை ஆறு வாக்குல, ரெண்டாவது எட்டு மணி வாக்குல இருக்கும். இன்னொண்ணு நமக்குத் தோணுற நேரம் போய் உட்கார்றது. சுதந்திரமா இருக்கேன்னு பொண்ணு உங்களுக்கு இந்த நேரம் குறிக்காத முறையைத்தான் போட்டிருப்பா. ஜோடியாப் போறவங்களுக்கு அது சரி. தனியா போறவங்களுக்கு ஃபிக்ஸட்தான் நல்லது, ஏன்னா முதல் நாள் பேர் கேட்ட மனுஷரை ரெண்டாம் நாள் மறுபடி பார்க்கறோம், மூணாம் நாள் அவங்க பேரன் போட்டோவைக் காட்டறாங்க. தினம் புது ஆளோட உட்கார்ந்தா நாலு நாளும் "நீங்க எந்த ஊர்"லயே முடிஞ்சுடும்.

பொண்ணுகிட்ட சொல்லி இப்பவே கம்பெனிக்குப் போன் போட்டு எட்டு மணி பந்தி, ஷேரிங் டேபிள்னு மாத்தச் சொல்லுங்க. ஷேரிங்கற வார்த்தையை கண்டிப்பா சொல்லணும். முன்னாடி தனியா வந்தவங்களை அவங்களே பெரிய டேபிள்ல சேர்த்துடுவாங்க, இப்ப நிறைய கப்பல்ல நாம கேட்டாதான் சேர்க்கறாங்க. போன்ல ஆகலைன்னா கப்பல் ஏறின அன்னிக்கு மத்தியானமே, ரூமுக்குப் போறதுக்கு முன்னாடியே டைனிங் ஹால் வாசலுக்குப் போய்க் கேளுங்க, டேபிள் மாத்தித் தர்றதுக்குன்னே அந்த நேரம் ஆள் இருப்பாங்க. ஆறு பேரோ எட்டு பேரோ உட்கார்ற டேபிளா கேளுங்க. நாலு பேர் டேபிள்னா ஒரு ஜோடி வராம போனாலே டேபிள் பாதி காலியாயிடும். சேர்ந்த ஆளுங்க ஒத்து வரலைன்னா மறுநாள் காலையில மெதுவா சொல்லி மாத்திக்கலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, நானே ஒருதடவை மாத்தியிருக்கேன்.

காலை டிபனுக்கு பஃபே பக்கமே போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா தனியா போறவங்களுக்கு அங்க ஒரு சங்கடம் இருக்கு. தட்டை வச்சுட்டு காபி எடுக்கப் போயிட்டு வந்தா டேபிளைத் துடைச்சு வேற குடும்பம் உட்கார்ந்திருக்கும், பாதி சாப்பிட்ட தோசையும் போயிருக்கும். சேர்ல சால்வையைப் போட்டுட்டுப் போங்க, பக்கத்து டேபிள்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டும் போகலாம், அப்படிச் சொன்னதுல ஆரம்பிச்ச பேச்சு நிறைய உண்டு. இல்லைன்னா டைனிங் ஹால்லயே டிபன் உண்டு, உட்கார வச்சுப் பரிமாறுவாங்க, வாசல்ல "சேர்ந்து உட்கார்றீங்களா"ன்னு கேட்டா சரின்னு சொல்லிடுங்க.

சிங்கப்பூர் கப்பல்ல நம்ம ஆளுங்க நிறைய இருப்பாங்க. லிஃப்ட்லயே "யாரு கூட வந்திருக்கீங்கம்மா, தனியாவா?"ன்னு கேட்பாங்க. அந்தக் கேள்விக்கு ரூம்லயே ஒரு பதில் தயார் பண்ணி வச்சுக்கோங்க. "ஆமாங்க, பொண்ணு அனுப்பி வச்சா, நீங்க எந்த ஊரு?"ன்னு கேளுங்க, பேச்சு அவங்க பக்கம் திரும்பிடும். வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்கு எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லுங்க, முதல் பத்து நிமிஷத்துல யாருக்கும் அதைச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

இன்னொண்ணு, பினாங்குல கப்பல் ஜார்ஜ் டவுன்ல ஸ்வெட்டன்ஹாம் துறையில நிக்கும். இறங்கி நடந்தா கால் மணி நேரத்துக்குள்ள லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட்ல 1833ல எழுப்பின மகா மாரியம்மன் கோயில் இருக்கு. உங்க டேபிள்ல வெள்ளைக்காரங்களோ சீனக்காரங்களோ இருந்தா முந்தின ராத்திரியே "நான் கோயிலுக்குப் போறேன், வர்றீங்களா"ன்னு கேளுங்க. கடை போர்டுல இருக்கற தமிழை நீங்க படிச்சுச் சொல்லுவீங்க, வாழை இலையில எதை எதோட பிசைஞ்சு சாப்பிடணும்னு நீங்க காட்டிக் கொடுப்பீங்க. அன்னிக்கு அவங்க உங்ககூட வந்தவங்களா இருப்பாங்க. கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை மட்டும் கையில எழுதிக்கோங்க. புக்கெட்ல தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னாடி, கப்பல் கடிகாரம் எந்த நேரத்துல ஓடுதுன்னு இறங்கறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

அக்கா, தனி ஆளுக்கும் ரெண்டு பேர் காசு கேக்கறாங்களே, இது நியாயமா? (கோவை வாசகர், வயது 31)

தம்பி, ரூம் ரெண்டு பேருக்குன்னு கணக்குப் போட்டு விலை வைக்கறாங்க, அதனால ஒருத்தர் போனாலும் பல கம்பெனில ரூம் காசு ரெண்டு மடங்கு வரைக்கும் போகுது. துறைமுக வரியும் டிப்ஸும் மட்டும் ஒரு ஆளுக்குதான், பில்லைப் பிரிச்சுப் பாருங்க. தனி ஆளுக்குன்னே ரூம் கட்டின கப்பலும் இருக்கு. நார்வீஜியன் எபிக் கப்பல் 2010ல 128 ஸ்டூடியோ ரூமோட வந்துச்சு, 100 சதுர அடி, கடல் பார்க்கற ஜன்னல் கிடையாது, ஆனா அந்த ரூம்காரங்க மட்டும் கார்டு போட்டு நுழையற ஒரு லவுஞ்ச் உண்டு. என்னைக் கேட்டா அந்த லவுஞ்சுக்காகவே அந்த ரூமை எடுக்கலாம், சாயங்காலம் அங்க போய் நின்னா ராத்திரி சாப்பாட்டுக்கு நாலு பேர் சேர்ந்துடுவாங்க. குயின் மேரி 2ங்கற கப்பல்லயும் 2016ல 15 சிங்கிள் ரூம் சேர்த்தாங்க. இந்த ரூம் எல்லாம் சீக்கிரம் வித்துடும். விலையையும் ஜன்னல் இல்லாத சாதா உள் ரூமோட வச்சுப் பார்த்துட்டு எடுங்க, சில நேரம் சாதா ரூமை ரெண்டு மடங்கு கொடுத்து எடுக்கறதே மலிவா இருக்கும்.

நான் சுத்த சைவம், இங்கிலீஷும் தடுமாறும். பொது டேபிள்ல உட்கார்ந்தா சாப்பாடும் பிரச்னை, பேச்சும் பிரச்னை. நான் எல்லாம் போகலாமா? (மதுரை வாசகி)

தாராளமா போகலாம். சாப்பாட்டுக்கு, புக் பண்ணும்போதே சைவம்னு பதிவு பண்ணுங்க, வெங்காயம் பூண்டு வேண்டாம்னா ஜெயின் சாப்பாடுன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. பல கப்பல்ல ராத்திரி மெனுவுலயே ஒரு இந்திய சைவ ஐட்டம் இருக்கும். அது தினம் ஒரே மாதிரி சலிச்சுப் போனா ஹெட் வெயிட்டர்கிட்ட இன்னிக்கு ராத்திரியே நாளைக்கு என்ன வேணும்னு சொல்லிடுங்க, நாளைக்குன்னா நேரம் இருக்கும், செஞ்சு கொடுப்பாங்க. கிச்சன்லயும் ஹால்லயும் கோவா, மும்பை, கேரளா ஆளுங்க நிறைய வேலை பார்க்கறாங்க. ஒரு கப்பல்ல நான் பருப்பும் சப்பாத்தியும் கேட்டதுக்கு, ஒரு பெரிய கிண்ணத்துல பருப்பு, சோறு, பக்கத்துல ஊறுகாய் வச்சுக் கொண்டு வந்தாங்க, எங்க டேபிள்ல மத்தவங்களும் ருசி பார்க்கக் கேட்டு கிண்ணம் சுத்தி வந்து காலியாயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி என் இங்கிலீஷை யாரும் கவனிக்கல. எதிர்ல உட்கார்ந்திருந்த ஜெர்மன்காரரும் என்னை மாதிரிதான் தேடித்தேடிப் பேசினார்.

பேச்சு கம்மியா வேணும், ஆனா கூட ஆள் வேணும்னா, தெப்பான்யாகி ரெஸ்டாரன்ட்ல ஒருதடவை சாப்பிடுங்க. தனிக் காசுதான். நடுவுல பெரிய இரும்புக் கல், சுத்தி எட்டுப் பத்து பேர், சமைக்கறவர் கண்ணு முன்னாடி கரண்டியைச் சுழட்டி வேடிக்கை காட்டுவார். எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க, யாரும் தனியா தெரிய மாட்டாங்க. அதே கல்லுல மீனும் கறியும் வேகும்ங்கறதால உங்களுக்குத் தனிச் சட்டியில செஞ்சு தருவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஃபார்மல் நைட், அதாவது எல்லாரும் நல்லா டிரெஸ் பண்ணிட்டு சாப்பிட வர்ற ராத்திரி, அன்னிக்கு நல்ல புடவை ஒண்ணு கட்டிக்கோங்க, அதுக்குன்னு புது கவுன் எதுவும் வாங்க வேண்டாம். புடவையைப் பார்த்து தானா வந்து பேசற ஆளுங்க இருக்காங்க.

சாப்பாட்டு நேரம் தவிர பகல் முழுக்க கடல்தான்னு சொல்றாங்க. புது ஆளுங்களை எங்க பார்க்கறது? அதே சமயம் தனியா வர்ற பொண்ணுன்னு தெரிஞ்சா ஒட்டிக்கிட்டே வர்றவங்களை என்ன பண்றது? (சென்னை வாசகி, வயது 34)

தினம் ராத்திரி ரூமுக்கு மறுநாள் நிகழ்ச்சிப் பட்டியல் வரும், இப்ப ஆப்லயும் வருது. முதல் நாளோ ரெண்டாம் நாளோ அதுல தனியா வந்தவங்க சந்திப்புன்னு போட்டிருக்கான்னு தேடிப் பாரு, போட்டிருந்தா கண்டிப்பா போ, கடைசி நாள் போறதுல அர்த்தமில்ல. நாலு நாள் கப்பல்ல அது இல்லாமலும் போகலாம். அப்ப க்விஸ்தான். கடல்லயே இருக்கற நாள்ல பகல்ல ரெண்டு மூணு தடவை நடக்கும், பெரும்பாலும் ஆறு பேர் வரைக்கும் ஒரு டீம். அஞ்சு நிமிஷம் முன்னாடி போய் ரெண்டு பேரா உட்கார்ந்திருக்கறவங்ககிட்ட "டீம்ல இடம் இருக்கா"ன்னு கேளும்மா, வேண்டாம்னு சொன்ன ஆளை நான் பார்த்ததில்ல. டான்ஸ் பிடிக்கும்னா க்யூனார்டுங்கற கம்பெனி கப்பல்கள்ல தனியா வர்ற பொம்பளைங்களோட ஆடறதுக்குன்னே டான்ஸ் ஹோஸ்ட் வச்சிருக்காங்க, ஆடி முடிச்சதும் மரியாதையா கொண்டு வந்து சேர்ல விட்டுட்டுப் போவாங்க.

ஒட்டிக்கிட்டு வர்றவங்க விஷயம். ரூம் நம்பரை யார்கிட்டயும் சொல்லாதே, டேபிள்ல கூட உட்கார்ந்தவங்ககிட்டயும் சொல்லாதே. பார்ல கையெழுத்துக்கு நீட்டற பில்லுல பல கப்பல்ல ரூம் நம்பர் அச்சாகியிருக்கும், அதைக் குப்புறக் கவுத்து வை. குடிக்கற எதையும் டேபிள்ல விட்டுட்டுப் போகாதே. ஒருத்தர் ரெண்டாவது நாளும் நீ போற இடமெல்லாம் வந்தா, சாப்பாட்டு ஹால்ல ஹெட் வெயிட்டர்கிட்ட, மத்த இடத்துல கெஸ்ட் சர்வீஸ் கவுன்ட்டர்ல நேராச் சொல்லிடு. கப்பல்ல எங்க பார்த்தாலும் கேமரா இருக்கு, செக்யூரிட்டி ஆளும் இருக்காங்க. சங்கடமா இருக்கேன்னு சிரிச்சுச் சமாளிச்சுக்கிட்டே இருக்காதே, அது நமக்குச் சின்ன வயசுலயே பழக்கிவிட்ட பழக்கம், கப்பல்ல அது உதவாது. நம்ம ஊர்க் குடும்பம் ஒண்ணு பாசமா சேர்த்துக்கிட்டா சந்தோஷம்தான், ஆனா தினமும் குழந்தையைப் பார்த்துக்கோன்னு விட்டுட்டு ஷோவுக்குப் போனா, எனக்கும் ஷோ பார்க்கணும்னு சொல்லிடு.

எல்லாரும் கேட்டதுக்கு எதிரா கேக்கறேன். எனக்கு யார்கூடவும் பேச வேண்டாம். நாள் பூரா ஆபீஸ்ல போன்ல பேசிட்டே இருக்கற ஆள் நான். தனியா, நிம்மதியா சாப்பிடணும். அதுக்கு இடம் இருக்கா? (சேலம் வாசகர்)

இருக்கு தம்பி. நேரம் குறிக்காத முறையை எடுத்துக்கோங்க, ஹால் மூடற நேரத்தைக் கேட்டுட்டு அதுக்குக் கொஞ்சம் முன்னாடி போய் ஜன்னல் ஓரம் ரெண்டு பேர் டேபிள் கேளுங்க, கூட்டம் கலைஞ்சிருக்கும். போனதும் எதிர் சீட்டு சாமானை நீங்களே "எடுத்துடுங்க"ன்னு சொல்லிடுங்க. கப்பல் துறைமுகத்துல நிக்கற நாள்ல மத்தியானம் எல்லாரும் ஊருக்குள்ள போயிடுவாங்க, அந்த நேரம் மேல் டெக் பஃபே கிட்டத்தட்ட காலியா கிடக்கும், தட்டை எடுத்துக்கிட்டு பின்பக்கம் திறந்தவெளியில போய் உட்காருங்க. ரெண்டு மணி நேரம் இருந்தாலும் ஒருத்தரும் வந்து எழுப்ப மாட்டாங்க.