ராஜா ராஜினாமா செய்வதில்லை

கேள்வி: என் மகள் ஆங்கிலப் பரீட்சையில் ‘அமைச்சர் அப்டிகேட் செய்தார்’ என்று எழுதியதற்கு மார்க்கைக் கழித்துவிட்டார்கள். அகராதியைப் புரட்டினால் அப்டிகேட், ரிசைன், ரினவுன்ஸ், ரிலிங்க்விஷ் எல்லாவற்றுக்கும் ‘துற, விலகு, விட்டுவிடு’ என்றுதான் போட்டிருக்கிறது. ஒரே காரியத்துக்கு நாலு சொல் வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஏன் வதைக்கிறார்கள்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: மார்க்கைக் கழித்தது சரிதான். அகராதியைப் பார்த்தீர்கள், ஆளைப் பார்க்கவில்லை. ரிசைன் செய்கிறவர் கடிதம் எழுத வேண்டும். அதை வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். அமெரிக்க ஜனாதிபதி நிக்சன்கூட 1974 ஆகஸ்ட் 9 அன்று ஒற்றை வரியில் கடிதம் எழுதி, தமக்குக் கீழே இருந்த வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சரிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. சட்டம் அப்படி. அப்டிகேட் என்றால் ராஜா முடியைத் துறப்பது. அமைச்சருக்குத் துறக்க மகுடம் ஏது?

ராஜா யாருக்குக் கடிதம் எழுதுவார்? 1936 டிசம்பர் 10 அன்று இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்ட், தம்பிகள் மூவரும் சாட்சிக் கையெழுத்துப் போட, ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார். அதன் பெயர் அப்டிகேஷன் பத்திரம். உள்ளே இருப்பதோ, தமக்கும் தம் சந்ததிக்கும் சேர்த்து அரியணையை ‘ரினவுன்ஸ்’ செய்வதாக. காரணம் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்தான் அப்டிகேட் செய்ய முடியும். இன்னும் பிறக்காத பிள்ளைக்கு எழுந்திருக்க நாற்காலி ஏது? அதற்கு இருப்பது வெறும் உரிமை. உரிமையைத்தான் ரினவுன்ஸ் செய்வது. மறுநாள் பார்லிமென்ட் சட்டம் போட்டது. அதற்கு ஒப்புதல் கொடுத்ததும் அவரேதான். அத்தோடு அவர் ராஜா இல்லை.

‘எல்லாம் ஒன்றுதானே’ என்கிறீர்களே, இதே அப்டிகேட் என்ற சொல்லுக்காக இங்கிலாந்தில் இரண்டு சபைகள் மல்லுக்கு நின்றிருக்கின்றன. 1688 டிசம்பர் 11 விடியுமுன் ராஜா இரண்டாம் ஜேம்ஸ் லண்டனை விட்டு ஓடினார். போகிற போக்கில் அரசு முத்திரையைத் தேம்ஸ் நதியில் வீசிவிட்டார்; முத்திரை இல்லாமல் எவனும் ஆள முடியாது என்ற கணக்கு. கென்ட் கரையோர மீனவர்கள் பிடித்துவிட்டார்கள். லண்டனுக்குத் திரும்ப வந்து, சில நாளில் மறுபடி கிளம்பி பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த மாதம் கூடிய மக்கள் சபை, ‘ராஜா ஆட்சியை அப்டிகேட் செய்துவிட்டார், அரியணை காலி’ என்று தீர்மானம் போட்டது. பிரபுக்கள் சபை அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘டெஸர்ட்’ என்று எழுதியது, அதாவது விட்டுவிட்டு ஓடிவிட்டார். அப்டிகேட் என்றால் மனமுவந்து வெளிப்படையாகச் செய்வது, நம் சட்டத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் ஓடியவர் திரும்பி வரலாம். வராவிட்டாலும் வாரிசு உண்டு. அரியணை காலி ஆகாது. காலி ஆகாவிட்டால் பார்லிமென்ட் தன் இஷ்டத்துக்கு ஆளை உட்கார வைப்பது எப்படி? நாட்கணக்கில் இழுபறி நடந்து பிரபுக்கள் இறங்கி வந்தார்கள். 1689 பிப்ரவரி 13 அன்று ஜேம்ஸின் மருமகன் வில்லியமும் மகள் மேரியும் முடியை ஏற்றுக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்தச் சுற்றிவளைப்புக்கெல்லாம் போகவில்லை. செய்த தப்புகளால் முடியுரிமையை ‘ஃபோர்ஃபிட்’ செய்துவிட்டார், பறிகொடுத்துவிட்டார் என்று போட்டு உடைத்தார்கள். ஒரே ஆள், ஒரே ஓட்டம், மூன்று வினைச்சொல்!

போப்பாண்டவர் விஷயம் தனி. 2013 பிப்ரவரியில் பதினாறாம் பெனடிக்ட் விலகியபோது பத்திரிகைகளில் சில ரிசைன் என்றன, சில அப்டிகேட் என்றன. திருச்சபைச் சட்டப்படி போப்பின் விலகலை யாரும் ஏற்க வேண்டியதில்லை. சுயவிருப்பத்தோடு முறையாக அறிவித்தால் போதும். ஆக, பெயர் ரிசைன், நடப்பு ராஜா மாதிரி.

ரிலிங்க்விஷ் பதவிக்கு மட்டுமானது அல்ல. பிடியில் இருக்கும் எதையும் விடுவது. அண்ணன் தம்பிக்குள் பாத்தியதையை விட்டு எழுதுகிற விடுதலைப் பத்திரம் அந்த வகை. சீட் (cede; நாற்காலி ‘சீட்’ அல்ல) என்றால் நிலமோ ஆட்சியோ இன்னொருவர் கைக்குப் போக வேண்டும். 1800இல் ஹைதராபாத் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த பெல்லாரி, கடப்பைப் பக்கத்துக்கு ‘சீடட் மாவட்டங்கள்’ என்றே பெயர். தெலுங்குப் பட விநியோகஸ்தர்கள் ராயலசீமையை இன்னும் ‘சீடட்’ என்றுதான் சொல்கிறார்கள். சரண்டர் பற்றி, லீவை சரண்டர் செய்து காசாக்குகிற அரசு ஊழியர் யாரையாவது கேளுங்கள்.

உங்கள் மகள் ‘அமைச்சர் தம் பொறுப்பை அப்டிகேட் செய்தார்’ என்று எழுதியிருந்தால் டீச்சரால் சிவப்பு மையைத் தொட முடிந்திருக்காது. அது சுத்தமான ஆங்கிலம். என்ன, அந்த அமைச்சர் நாற்காலியை விட்டிருக்க மாட்டார்; வேலையை மட்டும் விட்டிருப்பார்.