பைலைக் கேக்கிறது தட்டிக்கழிக்க இல்லை

அண்ணை வணக்கம். யாழ்ப்பாணம் டவுனிலை ஒரு அச்சகத்திலை டைப்செட்டிங் செய்யிறன், அந்தியேட்டிக்கு நினைவுமலர் அடிக்கிற வேலைதான் கூட. காசு குடுத்து வாங்க ஏலாமல் சும்மா கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் சொஃப்ட்வெயர் ஒண்டுக்கு மாறினம். பிடிஎஃப் ஆக்கினால் சில இடத்திலை கொம்பு கழண்டு தனிய நிக்குது. ஸ்கிரீன்ஷொட்டோடை, இப்பிடிப் பிழை வருதெண்டு அதைச் செய்யிற ஆக்களுக்குப் பக் ரிப்போர்ட் போட்டன். எங்களுக்கு அப்பிடி வரேல்லை, பைல் வேணும் எண்டு ஒரு வரி, பிறகு ஒரு கதையும் இல்லை. சும்மா தாற சாமான் எண்டபடியால் நாங்கள் கேக்கப்படாதோ?

தம்பி, கேக்கலாம், கட்டாயம் கேக்கோணும். நீங்கள் சொல்லாட்டி அந்தப் பிழை அவைக்குத் தெரியவே வராது, ஏனெண்டால் அதைப் பாக்கிற டிவெலப்பருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கொம்பு கழண்டு நிண்டால் எங்கடை கண்ணிலை குத்தும், அவருக்கு அது எந்தப் பக்கம் நிண்டாலும் ஒண்டுதான். எழுத்துகளைச் சேத்துக் காட்டுற வேலையே கனக்க இடத்திலை ஹார்ஃப்பஸ் எண்ட வேறை ஒரு லைப்ரரிதான் (கன சொஃப்ட்வெயர் உள்ளுக்கை எடுத்துப் பாவிக்கிற பொதுக் கோட்) செய்யுது, ஃபயர்ஃபொக்ஸ், குரோம், லிப்ரே ஒபிஸ் எல்லாத்திலையும் அதுதான், அதாலை பிழை எங்கை கிடக்கெண்டு அவரும் தேடத்தான் வேணும்.

ஸ்கிரீன்ஷொட் ஏன் காணாது எண்டால், கொம்பியூட்டர் எழுத்துகளை வைக்கிற பொது முறையான யூனிகோட்டிலை 'கொ'வை ரெண்டு விதமா வைக்கலாம், 'க'வுக்குப் பிறகு ஒகரக் குறி ஒண்டா வரலாம், இல்லாட்டிக் கொம்பும் காலும் எண்டு ரெண்டாப் பிரிஞ்சும் வரலாம், ரெண்டும் சரி, திரையிலை ஒரே மாதிரித்தான் தெரியும். காலை முந்தி அடிச்சுப் பிறகு கொம்பை அடிச்சிருந்தால் அது பிழை, ஆனால் சில இடத்திலை அதுவும் பாக்கச் சரி போலைதான் நிக்கும், வேறை ஒண்டிலை திறக்கேக்கைதான் குழம்பும். பாமினி எண்ட பழைய பொன்ட்டிலை அடிச்ச பைல் எண்டால் கதையே வேறை, உள்ளுக்கை கிடக்கிறது இங்கிலிஸ் எழுத்து, பொன்ட்தான் தமிழாக் காட்டுது. இதிலை எதெண்டு படத்தைப் பாத்து ஒருத்தராலையும் சொல்லேலாது.

ஆனால் நினைவுமலர் பைலை அப்பிடியே போட்டிடாதேங்கோ. பக் ரிப்போர்ட்டிலை போடுறதை ஆரும் திறந்து பாக்கலாம், மோசம்போனவரின்ரை பிள்ளையள் எந்தெந்த நாட்டிலை இருக்கினம் எண்டது வரைக்கும் அதிலை கிடக்கும். புதுப் பைல் ஒண்டிலை அந்தப் பிழைச்ச சொல்லை மட்டும் கொப்பி பண்ணிப் போடுங்கோ (திருப்பி அடிக்காதேங்கோ, அடிச்சால் பிழை மறைஞ்சு போகலாம்). என்ன பொன்ட், எந்த வேர்சன், விண்டோஸோ லினக்ஸோ, எதை அமத்தி பிடிஎஃப் எடுத்தனீங்கள் எண்டதையும் எழுதுங்கோ. இங்கிலிஸ் உடைஞ்சாலும் பரவாயில்லை.

பதில் எழுதினவரிலையும் பிழை இருக்கு. ஏன் பைல் வேணும் எண்டு இன்னொரு வரி எழுதியிருந்தால் உங்களுக்கு மனம் நொந்திராது. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இப்பிடிச் சண்டை புதிசில்லை. 2012இலை கிம்ப் எண்ட ஓப்பன் சோர்ஸ் படம் திருத்துற சொஃப்ட்வெயரின்ரை 2.8 வரேக்கை, சேவ் குடுத்தால் அதின்ரை சொந்த எக்ஸ்சிஎஃப் பைல்தான், ஜேபெக் வேணுமெண்டால் எக்ஸ்போர்ட் எண்டு மாத்தினவை, கனபேர் கொதிச்சவை. ஜேபெக்கிலை லேயர் (ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கி வைச்ச படத்துண்டுகள்) எல்லாம் ஒண்டாகிப் போயிடும் எண்டது அவையின்ரை நியாயம், எனக்கும் அது சரியாத்தான் படுது, ஆனால் நாள் முழுக்க போட்டோ வெட்டுற ஸ்டூடியோக்காரனுக்கு ஒவ்வொரு படத்துக்கும் வேலை கூடிச்சுது, அவன்ரை கோபமும் நியாயம்தான். ஆனால் கேட்டது கிடைக்காமலும் இல்லை, அதே 2.8இலைதான் ஆக்கள் வருசக்கணக்காக் கேட்டுக்கொண்டு நிண்ட, எல்லாம் ஒரே விண்டோவிலை நிக்கிற வசதியும் வந்தது.

உதாரணத்துக்கு லிப்ரே ஒபிஸிலை ஒரு பக் போட்டால், இன்னொரு ஆள் தன்ரை மெசினிலையும் வருதெண்டு சொல்லுமட்டும் அது உறுதியாகாத பக்தான். எங்கடை பிழையள் கிடந்து இழுபடுறதே தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச அந்த ரெண்டாவது ஆள் இல்லாமல்தான் எண்டு நான் நினைக்கிறன், அதுக்குப் புரோகிராமிங் ஒண்டும் தெரியத் தேவையில்லை. பைலைப் போட்டிட்டு எனக்கு லிங்கை அனுப்புங்கோ, நானும் என்ரை லினக்ஸிலை பிடிஎஃப் எடுத்துப் பாத்து, வருதோ இல்லையோ எண்டு அதுக்குக் கீழையே எழுதிவிடுறன்.