வாசகர் கேள்வி – பதில்: தன்னம்பிக்கைக்கு மதிப்பெண் போடலாமா?

தலைக்காயத்துக்குப் பிந்தைய குழு சிகிச்சை, அங்கே நிரப்பச் சொல்லித் தரும் வினாத்தாள்கள் ஆகியவற்றைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: என் கணவர் தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒன்றரை ஆண்டுக்கு முன் நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. இப்போது வாரம் ஒருமுறை குழு சிகிச்சைக்கு அழைத்துச் செல்கிறேன். சேர்ந்த அன்று கொடுத்த தன்னம்பிக்கை வினாத்தாளில் எல்லாவற்றுக்கும் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று போட்டார். மூன்று மாதம் கழித்து அதே தாளில் ஐந்து, ஆறுதான் போட்டிருக்கிறார். இருந்த தைரியமும் சிகிச்சையால் போய்விட்டதா? நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: நிறுத்த வேண்டாம், சகோதரி. முதல் நாள் அவர் போட்ட ஒன்பதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களில் பலருக்குத் தம் குறைகளைத் தாமே உணரும் திறனும் சேர்ந்தே பாதிக்கப்படுகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து வெளியே போய்விடுபவர், கடையில் வாங்கிய மீதிச் சில்லறையை எண்ணத் தடுமாறுபவர், "எனக்கு என்ன குறை, நாளைக்கே வேலைக்குப் போவேன்" என்று சொல்வது வீம்பினால் அல்ல. அந்தக் குறை அவருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. வீட்டார் சுட்டிக்காட்டினால் சண்டையில் முடியும். அதையே குழுவில் தம்மைப்போல் அடிபட்ட இன்னொருவர், "நான் மறந்துபோகிறேன், அதனால் சட்டைப்பையில் சீட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லக் கேட்கும்போது, தமக்கும் அது நேர்வதை அவர் கவனிக்கத் தொடங்குகிறார். உங்கள் கணவரின் எண் இறங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் இந்த ஐந்து, பழைய ஒன்பதைவிட உறுதியானது. தெரிந்த குறைக்குத்தான் பயிற்சி எடுக்க முடியும்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். எண்ணை மட்டும் வைத்து இதை முடிவுசெய்ய இயலாது. அமெரிக்க நரம்பு உளவியலாளர் பிரிகட்டானோ வகுத்த 30 கேள்விகள் கொண்ட திறன் மதிப்பீட்டுத் தாளை நோயாளி ஒருபுறமும் அவரோடு வாழ்பவர் மறுபுறமும் தனித்தனியே நிரப்புவார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதே அதில் முதன்மையாகப் பார்க்கப்படும். உங்களிடமும் அப்படி ஒரு தாள் வாங்கினார்களா என்று கேளுங்கள். வாங்கவில்லை என்றால், வாங்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மூன்று மாதத்துக்கு முன் அவர் ஒன்பது, நீங்கள் நான்கு என்றிருந்து, இப்போது அவர் ஐந்து, நீங்களும் ஐந்து என்றால் சிகிச்சை வேலை செய்கிறது.

ஆனால் எண் குறைந்ததோடு தூக்கமும் பசியும் குறைந்து, யாரிடமும் பேசாமல் இருந்து, "நான் இருந்து என்ன பயன்" என்பதுபோன்ற பேச்சும் வந்தால் அது வேறு. தலைக்காயத்துக்குப் பின் மனச்சோர்வு அடிக்கடி வருவது. மருந்தும் ஆலோசனையும் உள்ள நோய் அது. அடுத்த வாரக் குழு நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று வினாத்தாள்கள் கொடுக்கிறார்கள். தன்னம்பிக்கைக்கு ஒன்று, வாழ்க்கைத்தரத்துக்கு ஒன்று என்கிறார்கள். தைரியம் வந்தால் வாழ்க்கையும் நன்றாகத்தானே இருக்கும்? இரண்டையும் ஏன் தனித்தனியாக அளக்க வேண்டும்?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டும் நெருங்கிய உறவினவே; ஆனால் ஒன்றல்ல. 'இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியும்' என்ற எண்ணமே தன்னம்பிக்கை வினாத்தாள் அளப்பது. உளவியலாளர் பண்டுரா 1977இல் விளக்கிய கருத்து இது. தாமே செய்து வெற்றி பெறுவது, தம்மைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலும் மனமும் இருக்கும் நிலை என்று அந்த நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளை அவர் சொன்னார். இரண்டாவது ஊற்று தனி அறைச் சிகிச்சையில் அரிது, குழுவில் தாராளம். தலைக்காயம் பட்டவர்களுக்கென்றே ஆய்வாளர்கள் சிசரோனும் அஸுலேயும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மறதி, கவனச்சிதறல் போன்றவற்றைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையே வாழ்க்கை நிறைவோடு மிக நெருங்கிச் செல்வதாகக் கண்டார்கள். நீங்கள் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

வாழ்க்கைத்தரம் அதைவிட அகலமானது. உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விச் சுருக்கத் தாள், கடந்த இரண்டு வாரங்களை நினைத்து, உடல், மனம், உறவுகள், சூழல் என்ற நான்கு பகுதிகளில் பதில் கேட்கிறது. இது எங்கோ எழுதி நம்மேல் சுமத்தப்பட்டதும் அல்ல. இதன் மூலத் தாளை உருவாக்கிய உலக மையங்களில் சென்னையும் ஒன்று. சூழல் என்ற பகுதியில் பணவசதி, போக்குவரத்து, பாதுகாப்பு எல்லாம் வருகின்றன. உங்கள் தம்பி குழுவில் எவ்வளவு தேறினாலும், காட்பாடிப் பேருந்தின் உயரப் படியில் ஏற முடியாமல் ஆட்டோவுக்குக் காசு தேடும் வரை அந்த எண் அசையாது. அதைக் குழு சிகிச்சையின் தோல்வி என்று எழுதுவது தவறு.

மூளைக்காயத்துக்கென்றே உருவானது 'கோலிப்ரி' எனப்படும் 37 கேள்வித் தாள். நினைவும் சிந்தனையும், தன்னைப் பற்றிய எண்ணம், அன்றாட வாழ்வும் தற்சார்பும், உறவுகள், உணர்ச்சிகள், உடல் தொல்லைகள் என ஆறு பகுதிகள்; மொத்த மதிப்பெண் 0 முதல் 100 வரை. முதல் நான்கு பகுதிகள் 'எவ்வளவு திருப்தி?' என்று கேட்கும். கடைசி இரண்டும் 'எவ்வளவு தொல்லை?' என்று கேட்கும். கேள்வியின் திசை மாறியதைக் கவனிக்காமல், களைத்துப்போன நோயாளி அதே வரிசையில் டிக் அடித்துக்கொண்டே போவதைப் பார்க்கலாம். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். தாள்கள் மூன்று இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக் கொடுக்கும்படி கேட்பதிலும் தவறில்லை.

கேள்வி: மருத்துவமனைச் சீட்டில் ஜி.சி.எஸ். 15க்கு 15 என்று எழுதி அனுப்பினார்கள். முழு மதிப்பெண் பெற்ற பிள்ளை இன்னும் ஏன் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறான்?
– ஒரு தாய், ஆற்காடு

பதில்: அம்மா, ஜி.சி.எஸ். (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) என்பது நினைவு தெளிந்திருக்கிறதா என்பதற்கான அளவு மட்டுமே. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை எண் தருவார்கள். 1974இல் கிளாஸ்கோவில் வகுக்கப்பட்டது. நண்பர்களிடம் பேசும் துணிவு, வெளியே போகும் விருப்பம் ஆகியவற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மறுவாழ்வுப் பிரிவில் தனியாகக் காட்டுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்குப் பேச்சு வருவதில்லை. வினாத்தாளை நானே நிரப்பித் தரலாமா?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: நீங்கள் நிரப்பினால் அது உங்கள் பதில், 'மகள் நிரப்பியது' என்று மேலே எழுதிக் கொடுத்தால் பயன்படும். அவருடைய பதிலை வாங்குவதற்குப் பேச்சுப் பயிற்சியாளரை அணுகுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, சிறு வாக்கியம், தொட்டுக்காட்ட முகப்படங்கள் என்று கொடுத்தால், பேச முடியாதவர்களில் பலர் தெளிவாகவே பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேருக்குப் பத்து வாரம் குழுப் பயிற்சி நடத்தினோம். சராசரி மதிப்பெண் கூடியிருக்கிறது. 'எங்கள் பயிற்சியால் தன்னம்பிக்கை உயர்ந்தது' என்று அறிக்கையில் எழுதலாமா?
– ஒரு தன்னார்வலர், வேலூர்

பதில்: உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அந்த வாக்கியத்தை அப்படியே எழுத முடியாது. அடிபட்ட முதல் ஆண்டில் மூளை தானாகவும் தேறுகிறது. மனம் மிகத் தாழ்ந்த நேரத்தில்தான் பலர் குழுவில் வந்து சேர்கிறார்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் அவர்களின் அடுத்த எண் சற்று ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து வாரம் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அன்பாகப் பேசிய நீங்களே தாளை நீட்டினால், நம் ஊரில் யாருக்கும் குறைத்துப் போட மனம் வராது.

அடுத்த முறை, பயிற்சி தொடங்கும் முன் சில வார இடைவெளியில் இருமுறை அளந்துவிடுங்கள். தானாக ஏறுவது எவ்வளவு என்பது அதில் தெரியும். பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்தும் அளந்து பாருங்கள். எட்டுப் பேருக்குச் சராசரி போடாதீர்கள். ஒருவர் பெரிதாக ஏறினால் இருவர் இறங்கியதை அது மறைத்துவிடும். எட்டுக் கோடுகளையும் தனித்தனியே வரைந்து காட்டுங்கள்.

பொது வினாத்தாளோடு, ஆய்வாளர்கள் கிரெசுக்கும் ஷெர்மனும் 1968இல் தந்த இலக்கு அளவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய ஒரு காரியத்தை முதல் வாரமே சொல்லுவார். நேதாஜி மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய் ஐந்து காய் வாங்கி, கணக்குப் பார்த்துத் திரும்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்தபடி செய்தால் பூஜ்யம். அதற்கு மேல் கூட்டல் ஒன்று, இரண்டு. கீழே கழித்தல் ஒன்று, இரண்டு. எது எந்த எண் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி, அவரிடம் படித்துக் காட்டிவிட வேண்டும். கடைசி வாரம் அந்தப் பையைப் பிரித்துக் காயையும் சில்லறையையும் எண்ணுபவர் பயிற்சி கொடுத்த ஆளாக இருக்கக் கூடாது. குழுவில் ஒரு நாளும் உட்காராத ஒருவரை அதற்கென்று அழைத்து வாருங்கள்.