கிராபிக்ஸ் கார்டில் ஷார்ட் என்றால் என்ன, எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்சாரம் சிப்புக்குப் போய் வேலை செய்யாமல், குறுக்கு வழியில் கிரவுண்டுக்கு (மின்சாரம் திரும்பிப் போகும் பொதுப் பாதை) ஓடிவிடுவதுதான் ஷார்ட். வாய்க்கால் கரை உடைந்தால் தண்ணீர் வயலுக்குப் போகாமல் உடைப்பிலேயே கொட்டுமே, அதுபோல. பெரும்பாலும் விரிசல் விட்ட செராமிக் கெபாசிட்டரோ (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் சின்ன பாகம்) பழுதான மாஸ்ஃபெட்டோதான் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் போன்ற பாகம்) காரணம்.

கார்டைக் கழற்றி, 12 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட். அப்புறம் பெஞ்ச் பவர் சப்ளையிலிருந்து (வோல்ட்டையும் கரண்டையும் நாமே வைக்கக்கூடிய மின்கருவி), கரண்டுக்கு வரம்பு வைத்து, அந்த லைனுக்கு 1 வோல்ட் கொடுங்கள். அதைத் தாண்டவே வேண்டாம். மாஸ்ஃபெட் பழுதாகியிருந்தால் நீங்கள் கொடுக்கும் வோல்டேஜ் நேராக ஜிபியுவுக்குள் (கார்டின் முக்கிய சிப்) போகும். கெட்ட பாகம் சூடாகும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தடவினால் அந்த இடம்தான் முதலில் காயும். அதை எடுத்ததும் ஓம் ஏறினால், அதே மதிப்புள்ள புதியதைப் பற்றவையுங்கள்.

மல்டிமீட்டர் பீப் அடித்தாலே ஷார்ட் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஜிபியு கோர் லைன் (ஜிபியுவின் மையப் பகுதிக்கு மின்சாரம் தரும் லைன்) நல்ல கார்டிலும் 1 ஓமுக்குக் கீழே காட்டுவது சகஜம்.