எட்டு லட்சம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கோலனைப் பாருங்கள்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பம். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில், பிளஸ் டூ கணினி அறிவியல் முடித்திருக்கிறாள். ஓசூரில் இருக்கும் தாய்மாமன் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியல் சீட் பேசி வைத்துவிட்டார். நாலு வருஷத்துக்கு எட்டு லட்சம். பட்டறை இடத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டுத்தான் அந்த அம்மா என்னிடம் வந்தார். பயப்படாதீர்கள் என்று ஆரம்பித்தேன். தொகையைக் கேட்டதும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அம்மா, வைக்காதீர்கள். எட்டு லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டும் வருஷத்துக்கு 96,000 ரூபாய். பாப்பா முதல் செமஸ்டர் எழுதும்போதே மாதம் 8,000 ரூபாய் வெளியே போக ஆரம்பிக்கும். உங்கள் அண்ணன் நல்லவர், உங்கள் மேல் பாசம் உள்ளவர். ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லை. கோர்ஸின் பெயர் புதிதாக இருந்தாலும் முதல் வருஷம் எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே பாடம்தான்: கணிதம், இயற்பியல், வேதியியல், கொஞ்சம் நிரலாக்கம்.

இன்னொன்றும் கவனித்தேன். செயற்கை நுண்ணறிவு பிடிக்குமா என்று கேட்டதற்குப் பாப்பா "ம்" என்றாள், அவ்வளவுதான். பாடத்தில் எது பிடித்தது என்று கேட்டேன். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் 14-ஆம் பாடம், பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்குவது. அதில் 'கெட்ஆப்ட்' (getopt) என்று ஒரு செயல்கூறு வரும், நிரலை இயக்கும்போது கூடவே கொடுக்கும் கட்டளைகளைப் பிரித்துப் பார்ப்பது. அதற்கு ஐ என்ற ஆங்கில எழுத்தையும் அதன் பின்னால் ஒரு கோலனையும் (:) கொடுப்பார்கள். அந்தக் கோலன் எதற்கு என்று டியூஷனில் கேட்டாளாம். அப்படியே மனப்பாடம் பண்ணு என்றார்களாம். அவளே தேடிப் படித்து, பைத்தானில் இருப்பது சி மொழியில் இருப்பதைப் பார்த்துச் செய்தது என்று கண்டுபிடித்து, அங்கேயும் போய்ப் பார்த்திருக்கிறாள். இருபது நிமிஷம் விடாமல் பேசினாள். அந்தப் பேச்சை வைத்துத்தான் நான் முடிவு சொல்கிறேன்.

கவுன்சிலிங், கட்-ஆஃப் பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லும், நான் விடுகிறேன். யாரும் சொல்லாத வழி இது: சேலத்திலேயே அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல், கூடவே மூன்று வருஷமும் சி மொழியில் ஆழமான வேலை. செலவு வருஷத்துக்குச் சில ஆயிரம். புதுமைப் பெண் திட்டம் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் வந்துவிட்டது. மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும்.

சி மொழியில் என்ன வேலை என்று கேட்டீர்கள். பாப்பா பிடித்த அந்தக் கோலனையே எடுத்துக்கொள்வோம். ஒரு நிரலை இயக்கும்போது அதன் பெயருக்குப் பின்னால் சின்னக் கோடு போட்டு எழுத்துகளைச் சேர்த்துக் கட்டளை கொடுப்பார்கள். எந்தெந்த எழுத்து செல்லும் என்பதை ஒரே சரமாக எழுதி கெட்ஆப்டிடம் கொடுத்துவிட்டால் போதும். எழுத்துக்குப் பின் கோலன் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு கட்டாயம். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் ஒரு எழுத்தைத் தரும். மதிப்பை 'ஆப்டார்க்' (optarg) என்ற இடத்தில் வைக்கும். தெரியாத எழுத்து வந்தால் கேள்விக்குறி. எல்லாம் முடிந்தால் -1. ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 1985-இல் இதன் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது. இன்றும் லினக்ஸின் சி நூலகத்தில், அதாவது தயாராக எழுதி வைத்த செயல்கூறுகளின் தொகுப்பில், இது இருக்கிறது.

எளிதாகத் தெரியும். கை வைத்தால்தான் ஆழம் புரியும். கெட்ஆப்ட் திருப்பித் தருவதை 'இன்ட்' (int, முழு எண்) வகையில் வாங்க வேண்டும். எழுத்துதானே என்று 'சார்' (char, எழுத்து) வகையில் வாங்குகிறவர்கள் உண்டு. சாதாரண இன்டெல் கணினியில் ஓடிவிடும். அதையே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி மாதிரி ஆர்ம் வகைச் சிப் உள்ள லினக்ஸ் பலகையில் ஓட்டினால், திரும்பத் திரும்ப அழைக்கும் அந்த லூப் நிற்கவே நிற்காது. அங்கே 'சார்' வகைக்குக் குறை எண் கிடையாது. முடிந்தது என்று சொல்லும் -1 அதில் 255 ஆகிவிடும். அப்புறம், ஆப்டார்க்கில் கிடைத்த மதிப்பை எண்ணாக மாற்ற 'ஏடுஐ' (atoi) என்ற செயல்கூறை நம்பினால் "12அப்பம்" என்று யாராவது தட்டினாலும் 12 என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போகும். அதே வேலைக்கான 'ஸ்ட்ர்டால்' (strtol) எந்த இடத்தில் எண் முடிந்தது என்று காட்டிக்கொடுக்கும். ஒரே மதிப்புக்குள் காற்புள்ளி போட்டு அடுக்கிய உள்விருப்பங்களைப் பிரிக்க 'கெட்சப்ஆப்ட்' (getsubopt) இருக்கிறது. அது கொடுத்த சரத்தையே வெட்டி மாற்றிவிடும், ஆகவே நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், கார்டு தேய்க்கும் இயந்திரம் என்று சிப் உள்ள பொருள்களைச் செய்கிறவர்களுக்கு இப்படிப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

பாப்பா இப்போதே ஆரம்பிக்கலாம். பழைய லேப்டாப் போதும், லினக்ஸும் சி நிரலை இயங்க வைக்கும் ஜி.சி.சி.யும் இலவசம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் சி பாடம் தமிழிலேயே இருக்கிறது. முதல் வருஷம் கெட்ஆப்டை நூலகத்தைத் தொடாமல் அவளே எழுதட்டும். பிறகு ஒரே உள்ளீட்டை அவள் எழுதியதற்கும் நூலகத்தில் இருப்பதற்கும் கொடுத்து எங்கே வித்தியாசம் வருகிறது என்று பார்க்கட்டும்: மதிப்பு ஒட்டி வந்தால், இடம் விட்டு வந்தால், வராமலே போனால், நடுவில் இரட்டைக் கோடு (--) வந்தால். இதை முடிக்கவே பல மாதம் ஆகும், ஆகட்டும். கடைசி வருஷம் யாரோ பராமரிக்கும் ஒரு சின்னத் திறந்த மூல நூலகத்தில் சோதனை நிரல் எழுதி அனுப்பலாம். 18 வயது ஆனவர்கள், திறந்த மூல நிரல் எழுத வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் உதவித்தொகை உண்டு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சில நிறுவனங்கள் பி.இ. படித்தவர்களை மட்டும்தான் கூப்பிடும். முதல் சம்பளம் குறைவாக இருக்கலாம். பி.எஸ்சி.க்குப் பிறகு நிம்செட் என்ற எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வை எழுதித் தேறினால் திருச்சி என்.ஐ.டி.யில் எம்.சி.ஏ. படிக்கலாம், அந்தத் தேர்வுக்குக் கணிதம் முக்கியம், அதை அவள் விடக்கூடாது. அடமானம் இல்லாத வீட்டில் அந்த முடிவை மூன்று வருஷம் கழித்து நிதானமாக எடுக்கலாம்.

அண்ணனிடம் நீங்களே பேசுங்கள், பாப்பாவைப் பேச விடாதீர்கள். பழி அவள் மேல் விழும். அவர் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். சீட்டை நிறுத்தி வைக்க அட்வான்ஸ் என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் இரண்டின் ஒரிஜினலும் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்; பார்த்துவிட்டுத் தருகிறோம் என்றாலும் நகலை மட்டும் கொடுங்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பம் திறந்ததும் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.