ஓடும்போதே பிக்கப் வண்டியில் கரண்ட் மொத்தமாகப் போய்த் திரும்பி வந்தால் எங்கே பார்ப்பது?

மதுரவாயல் பைபாஸில் போகும்போது மீட்டர், ஹெட்லைட், இன்ஜின் எல்லாம் ஒரே நொடியில் அணைந்து, கொஞ்ச நேரத்தில் தானாக வந்தது என்கிறீர்கள். மெக்கானிக் ஆல்டர்னேட்டரை (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அது போனால் முதலில் பேட்டரி விளக்கு எரியும், ஹெட்லைட் மங்கும், பிறகுதான் வண்டி நிற்கும். இப்படிப் போய்ப் போய் வந்தால் பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷன்தான்.

பேட்டரி கிளாம்ப்பை (போஸ்ட்டைக் கவ்வும் வயர் முனை) கையால் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. இறுக்கமாக இருந்தாலும் உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கலாம். ஈசிஆர், எண்ணூர் உப்புக்காற்றில் ஓடும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். நெகட்டிவ்வை முதலில் கழற்றிச் சுரண்டி, இறுக்கியபின் வாஸலின் தடவுங்கள்.

அடுத்தது எர்த் வயர், அதாவது பேட்டரி நெகட்டிவ்வை இன்ஜினோடும் பாடியோடும் இணைப்பது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட்டிலும் (கிளாம்ப்பில் அல்ல), மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கோளாறு.

மறுபடி அணைந்தால் ஓரங்கட்டியதும் ஹசார்டை (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போடுங்கள். அதற்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் வரும். அது எரிந்தால் பேட்டரி பக்கம் பிரச்சினையில்லை. இக்னிஷன் சுவிட்ச், அதன் ரிலேயைப் பாருங்கள். எரியாவிட்டால் மெயின் ஃப்யூஸின் போல்ட்டையும் இறுக்குங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் தயவுசெய்து கம்பி சுற்றாதீர்கள், வயரிங் பற்றிக்கொள்ளும்.