தொடக்ககால அமெரிக்காவின் ஆங்கிலேய ஆளுநர்களில் உங்கள் மனத்தை மிகவும் பாதித்தவர் யார்?

ஜான் வைட். அமெரிக்க மண்ணில் அவர் ஆளுநராக இருந்தது ஐந்தே வாரங்கள்.

நான் அவரை முதலில் அறிந்தது ஓவியராகத்தான். 1585இல் எலிசபெத் அரசியின் அவையைச் சேர்ந்த வால்டர் ராலே அனுப்பிய குழுவோடு இன்றைய வட கரோலினாக் கரைக்குப் போய், அங்கு வாழ்ந்த அல்கோன்கின் மக்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். சீகோட்டன் ஊரின் மக்காச்சோளக் கொல்லைகள், நெருப்பின்மேல் பரண் கட்டி மீன் வாட்டுவது எனப் பல. ஓர் ஓவியத்தில் தாயின் அருகே நிற்கும் சிறுமியின் கையில் ஆங்கிலப் பொம்மை ஒன்று இருக்கிறது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் படங்களில் மனிதர்களை மதித்துப் பார்த்த ஒரு கண் தெரிகிறது.

1587இல் ராலே அவரையே ஆளுநராக்கி, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அனுப்பினார். போக வேண்டிய இடம் வடக்கே உள்ள செசபீக் விரிகுடா. ஆனால் கப்பலின் வழிகாட்டி சைமன் பெர்னாண்டஸ் வட கரோலினாக் கரையோரம் உள்ள ரோனோக் தீவிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டார். ஆளுநரின் சொல் அங்கே எடுபடவில்லை. தனியாக நண்டு பிடிக்கப் போன ஜார்ஜ் ஹோ என்ற குடியேறியைச் சில நாட்களில் அம்மண்ணின் மக்கள் கொன்றார்கள். முன்பு வந்த ஆங்கிலேயர்கள் அவர்களுடைய தலைவரையே கொன்றிருந்தார்கள். அந்தப் பகையின் சுமை வைட்டின் தலையில் விழுந்தது. பழிவாங்க வைட் இருட்டில் நடத்திய தாக்குதலில் அடிபட்டவர்களோ நட்பாக இருந்த குரோவட்டான் மக்கள். இந்தப் பிழையை நான் பூசி மெழுக விரும்பவில்லை. அவர்களை அத்தனை நுணுக்கமாக வரைந்தவரின் கட்டளையால் இது நடந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஆகஸ்ட் 18 அன்று அவருடைய மகள் எலினோருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வர்ஜினியா டேர். ஆங்கிலேயப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த முதல் குழந்தை அவள்தான். உணவுப் பொருள் வாங்கிவர நீங்களே இங்கிலாந்துக்குப் போக வேண்டும் என்று குடியேறிகள் மன்றாடினார்கள். வைட் முதலில் மறுத்தார், பிறகு இணங்கினார். ஒன்பது நாள் பேத்தியை விட்டுக் கப்பல் ஏறினார்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் அவரால் திரும்ப முடியவில்லை. படையெடுத்து வந்த ஸ்பானியக் கப்பற்படையான ஆர்மடாவை எதிர்கொள்ளக் கப்பல்கள் தேவைப்பட்டதால் இங்கிலாந்து அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டது. 1588இல் இரு சிறு கப்பல்களில் புறப்பட்டவரைப் பிரெஞ்சுக்காரர்கள் வழிமறித்துக் காயப்படுத்தினார்கள். கடைசியில், ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையிடப் போனவர்களோடு சேர்ந்துதான் அவரால் ரோனோக்குக்கு வர முடிந்தது. அன்று 1590 ஆகஸ்ட் 18, பேத்தியின் மூன்றாவது பிறந்தநாள்.

முந்தைய இரவு படகிலிருந்து எக்காளம் ஊதி, ஆங்கிலப் பாட்டுகளைப் பாடியும் கரையிலிருந்து பதில் இல்லை. வீடுகள் பிரிக்கப்பட்டிருந்தன. புதைத்து வைத்த அவருடைய பெட்டிகளை யாரோ தோண்டி உடைத்திருந்தார்கள். படங்களும் வரைபடங்களும் மழையில் ஊறிக் கிடந்தன. ஒரு கம்பத்தில் 'குரோவட்டான்' என்று செதுக்கியிருந்தது. ஆபத்தில் வெளியேறினால் மேலே ஒரு சிலுவையும் செதுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சிலுவை இல்லை. அதனால் மகிழ்ந்தேன் என்றே அவர் எழுதியிருக்கிறார்.

குரோவட்டான் தெற்கே உள்ள பக்கத்துத் தீவுதான், இன்றைய ஹட்டராஸ். மறுநாள் அங்கே போகலாம் என்று முடிவானது. ஆனால் புயலில் நங்கூரக் கயிறு அறுந்தது. காற்று கப்பலை அட்லாண்டிக் கடலின் நடுவே உள்ள அசோர்ஸ் தீவுகளுக்குத் தள்ளியது.

1593இல் அயர்லாந்திலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. தன்னுடைய மக்களைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு, மனத்தில் இருக்கும் விருப்பத்துக்கு ஈடாகக் கையில் பொருள் இல்லையே என்று அதில் வருந்துகிறார்.